முதுகைக் காட்டிய பித்தளை ஆமை

கூட்டமென்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம்! பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மரச்சாமான் கடை நொடித்துப்போய்க் காலியாகக் கிடந்த மாடியில், விடிந்தால் வரிசை. வங்கி மேலாளர் நிற்கிறார். அறிவியல் ஆசிரியை நிற்கிறார். ஒரே தேர்வை ஐந்தாம் முறை எழுதப் போகிறவர் நிற்கிறார். எல்லோருக்கும் ஆமையிடம் ஒரு கேள்வி இருந்தது.

ஆமை என்றால் உயிருள்ள ஆமை இல்லை. அதற்குத் தீனி போட வேண்டும், சொன்ன பேச்சும் கேட்காது. இது உள்ளங்கை அகலப் பித்தளை ஆமை. மெல்லிய பலகை மேசைமேல் ஒரு தாம்பாளம், அதில் தண்ணீர், தண்ணீரில் ஆமை. "பித்தளை மிதக்குது பாருங்க!" என்று பக்தர்கள் மெய்சிலிர்ப்பார்கள். கடலில் கப்பல் கப்பலாக இரும்பு மிதக்கிறது. அதற்கு யாரும் சிலிர்க்கக் காணோம்.

மேசைக்குப் பின்னால் பச்சை அங்கியில் ஆமைச் சாமியார். "பாற்கடலைக் கடைஞ்சப்போ மத்தா நின்ன மலையே முங்கிப் போச்சு. பெருமாள் கூர்மமா வந்து முதுகுல தாங்கினார். மலையைத் தாங்கினவர் உன் குடும்பத்தைத் தாங்க மாட்டாரா?" என்பார். கேள்வியைச் சொன்னதும் கண்ணை மூடுவார். ஆமை மெல்லத் திரும்பும். முகத்தைக் காட்டினால் சம்மதம், முதுகைக் காட்டினால் தடை. தடை நீங்க இருபத்தொரு நாள் வர வேண்டும், வரும்போது கையை வீசிக்கொண்டு வரக் கூடாது. வசதியுள்ளவர்களுக்குத்தான் ஆமை பெரும்பாலும் முதுகைக் காட்டியது. அதன் மர்மம் ஆமைக்கே வெளிச்சம்.

உபதேசமும் உண்டு. ஆமை தலையையும் நாலு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதுபோல ஐம்புலனையும் அடக்கு என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். மனத்தை அடக்கச் சொன்னது அது. நம் பக்தகோடிகளோ மூக்குவரை ஏறும் காலர் வைத்துச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள்! அலுவலகத்தில் மேலதிகாரி கத்தினால் தலை உள்ளே போய்விடும். அவர் கத்தி ஓய்ந்தபின் வெளியே வரும்.

அந்தக் காலரெல்லாம் தைத்தது எதிர்த்தெருத் தையற்காரி. வாய்த்துடுக்குக்காரி. "கழுத்து உங்களுது, துணி உங்களுது, எனக்கென்ன?" என்று தைத்துத் தள்ளினாள். சாமியாரின் அங்கியையும் அவள்தான் தைத்தாள். அளவு கொண்டுவந்த சீடன், வலது முழங்காலுக்கு நேராக உள்பக்கம் கெட்டித் துணியில் ஒரு பை வைக்கச் சொன்னான்.

"முழங்கால்ல எதுக்குப்பா பை?"

"சாமிக்கு மூட்டு வலி. மூலிகை வச்சுக்குவார்."

"ஊர் வலியையெல்லாம் தீர்க்கிறவருக்கு மூட்டு வலியா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். தைத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமையோடு சிரிப்பு நின்றது. அவளுடைய அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வீங்கிவிட்டது, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, டாக்டர் வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார். அக்கா புருஷன் நேரே ஆமையிடம் போய்க் கேட்டார். ஆமை முதுகைக் காட்டிவிட்டது.

"கூர்ம தோஷமாம். இருபத்தொரு நாள் கழிச்சுப் பண்ணிக்கலாம்," என்றார்.

"மாமா, உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? அக்கா சுருண்டு கிடக்கிறா!"

"நீயே வந்து உன் கண்ணால பாரு. அப்புறம் பேசு."

"வர்றேன். நல்லாவே பாக்கறேன்."

மறுநாள் காலை மாமா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். ஊரே ஆமையைப் பார்த்தது. மேசைக்குப் பக்கவாட்டில் நின்ற தையற்காரி, தான் தைத்த அங்கியைப் பார்த்தாள். தொழில்காரிக்குக் கண் வேறெங்கே போகும்? பலகைக்கடியில் வலது முழங்கால் பின்னுக்கு நகர்ந்தது. அதே நொடியில் ஆமையின் தலை சாமியார் பக்கம் திரும்பி, மாமாவுக்கு முதுகைக் காட்டியது.

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனாலும் குரலைக் குழைத்தாள்.

"சாமி, என் பிழைப்பே குண்டூசியிலதான். இதையும் தீர்த்தத்துல ஒரு முழுக்கு போட்டுக்கறேன்."

சாமியார் கண்ணைத் திறப்பதற்குள் அவள் கையிலிருந்த குண்டூசி டப்பா தாம்பாளத்தில் கவிழ்ந்தது. தண்ணீருக்குள் விழுந்த ஊசிகள் சும்மா கிடக்கவில்லை. நாலா பக்கமிருந்தும் நகர்ந்து ஓரிடத்தில் கும்பலாகக் குத்திட்டு நின்றன. சாமியார் பதறிக் காலை இழுத்தார். ஊசிக் கும்பலும் பின்னாலேயே ஓடியது. முன்னே நகர்த்தினார், முன்னே வந்தது.

"ஐயோ, ஊசிக்கும் அருள் வந்திடுச்சு!" என்று ஒரு காலருக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"அருளுமில்ல, ஒரு மண்ணுமில்ல!" என்றாள் தையற்காரி. "சாமி, எழுந்து அந்த மூலையில போய் நில்லுங்க. இங்கிருந்தே நாங்க கேக்கறோம். கடவுள்தானே திருப்புறார்? உங்க கால் எதுக்கு மேசைக்கடியில?"

"கூர்மத்தைச் சோதிச்சா குடும்பமே அழிஞ்சிடும்!"

"எழுந்திருங்க சாமி," என்றார் அறிவியல் ஆசிரியை. அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. வங்கி மேலாளரும் சேர்ந்துகொண்டார். சாமியார் வேறு வழியில்லாமல் மூலைக்குப் போனார். பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்டார்கள். ஆமை மின்விசிறிக் காற்றில் சும்மா மிதந்தது.

முழங்கால் பையைக் காட்டச் சொன்னார்கள். மூலிகை வரவில்லை. பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம் வந்தது. ஆமையின் தலைக்குள் இரும்புத் துண்டு இருந்தது. சாமியார் பின்படியில் இறங்கி ஓடினார், ஆமை வேகத்தில் அல்ல. கூட்டத்தில் ஒருவர் மட்டும், "இது போலி, சரி. ஒரிஜினல் ஆமை எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். அக்கா கண் விழித்தபோது, மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மன்னிச்சுடும்மா. அந்த ஆள் ஏமாத்திட்டான்."

"அவன் ஏமாத்தினது இருக்கட்டும். உயிர் போற மாதிரி வலிக்குதுன்னு நான் வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். எங்க ரெண்டு பேரையும் நம்பாம ஒரு பித்தளையைக் கேக்கப் போனீங்களே, ஏங்க?"

நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒருத்தி இதைக் கேட்கலாம். அவள் கேட்கும் நிலையில் உயிரோடு இருக்க வேண்டுமானால், இன்றைக்கே கொஞ்சம் யோசியுங்கள்.