சந்தேகத்தாரின் கோழிக்கூடு

சுவிட்சர்லாந்தில் எல்லாம் சரியாக நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த நாட்டைச் சந்தேகப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஓஸ்டர்முண்டிகனில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் அவரை நாங்கள் எல்லோரும் சந்தேகத்தார் என்றே சொல்லுவோம். ரயில் நேரத்துக்கு வந்து நின்றால் உடனே ஏறமாட்டார். ஒருதரம் சுற்றிப் பார்ப்பார்.

"இவ்வளவு சரியா வாறாங்கள் எண்டால் எதையோ மறைக்கிறாங்கள், தம்பி."

டாவோஸ் ஹோட்டல் குசினியில் தொடங்கி ஆஸ்பத்திரிக் குசினி வரைக்கும் முட்டை உடைத்தே காலம் போக்கியவர். அதில் ஒரு முட்டையையும் அவர் நம்பியதில்லை. முழங்கால் பழுதாகி வேலையை விட்டதும், சொந்தமாகக் கோழி வளர்க்கப்போவதாக அறிவித்தார். நூற்றைம்பது கோழி! ஊருக்கு வெளியே ஒரு விவசாயி காணித்துண்டு தரச் சம்மதித்தார். அக்கம்பக்கத்தார் ஒருவரும் எதிர்க்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

"உது சரிவராட்டி இந்தச் சோபாவிலதான் என்ர சீவன் போகும்" என்றார் சந்தேகத்தார். அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கஷ்டகாலம் எங்களுக்குத்தான். கோழி ஏறிப் படுக்கும் சட்டத்தில் ஒன்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தை அவர் எங்கே நம்பினார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு, ஒரு நீள மர வாங்கில் நெருக்கி இருத்தினார். கையில் அளவுநாடாவோடு, யார் யாரை இடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். ரோல்ஸ் தட்டு வரும் வரைக்கும் மரியாதையாகத்தான் இருந்தோம். தட்டு வந்ததும் எல்லோரும் ஒன்றாய்க் கை நீட்ட, நான் வாங்கிலிருந்து கீழே விழுந்தேன்.

"பாத்தீங்களோ, இடம் காணாது" என்று கூட்டின் வரைபடத்தில் சட்டத்தை நீட்டினார்.

அதே வரைபடத்தில் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்தார். நரிக்கு எதற்கு மூன்று பூட்டு என்று கேட்டேன்.

"நரிக்கு ஒண்டு காணும். மற்ற ரெண்டும் ஆக்களுக்கு."

காணிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான சுவிஸ் அம்மா தனியே இருந்தார். பின்னேரங்களில் வேலியோரம் நின்று காணியையே பார்ப்பாராம். "உவ எதிர்க்கத்தான் போறா. பார்வையே சரியில்லை" என்று, சந்தேகத்தார் அந்தப் பக்கம் முழுவதையும் பலகையால் அடைத்து வரைந்தார்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டடம் கட்டுவதற்கு முன் அதன் மூலைகளில், அது வரப்போகும் உயரத்துக்குக் கம்பம் நாட்டவேண்டும். பிடிக்காதவர்கள் அதைப் பார்த்துவிட்டு எதிர்க்கலாம். சந்தேகத்தாரின் மனைவி சரசக்காவுக்கு இது விளங்கிய விதம் வேறு.

"கால் நாட்டிறதெண்டால் நாள் பாக்காமலோ?"

நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, மஞ்சள் துணி சுற்றி, தேங்காய் உடைத்து, கலியாண வீட்டுக் கன்னிக்கால் மாதிரியே கம்பம் நாட்டினோம். எல்லோரும் சேர்ந்து நின்று படமும் எடுத்தோம்.

அடுத்த கிழமை விவசாயி போன் பண்ணினார். காணியில் கோயில் வரப்போகிறது, விடிய விடிய மணி அடிக்கப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கக் கதையாம். சுவிஸ்காரரை விடுங்கள். எங்கள் ஆட்களில் ஒரு அக்காவே பஸ்ஸில் என்னை மறித்து, "கும்பாபிஷேகம் எப்ப?" என்று கேட்டார்.

சந்தேகத்தார் இடிந்துபோனார். "உலகத்தில எல்லாரையும் சந்தேகப்பட்டன், தம்பி. கடைசியில மாவிலை கவிட்டுப்போட்டுது." எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவிடம் போய், கோயில் இல்லை, கோழி என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினார். அம்மா கம்பங்களைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"என் பக்கம் முழுக்கப் பலகையா?"

"ஓம். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இராது."

"அப்படியென்றால் நான் எதிர்ப்பேன். இவ்வளவு காலமும் குசினி யன்னலால் இந்தக் காணியில் நின்ற சோளத்தைப் பார்த்தேன். இனிப் பலகையைப் பார்க்க வேண்டுமா? எனக்குக் கோழி தெரியவேண்டும்."

பஸ்ஸில் வரும்போது, "எதுக்குப் பாக்கப்போறா? முட்டை எண்ணவோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கம் முழுவதையும் கம்பிவலையாக மாற்றி வரைந்தார்.

"அரைகுறையாப் பாத்தால்தான் ஆக்களுக்குச் சந்தேகம் வரும்" என்றார்.

ஒருவரும் எதிர்க்கவில்லை. கோழிகளும் வந்துவிட்டன. அவர் காலையில் தீன் போடும்போது அந்த அம்மா யன்னலில் இருப்பார். போன மாதம் ஒருநாள் யன்னலில் ஆளில்லை. சந்தேகத்தார் எனக்குப் போன் பண்ணினார்.

"எனக்கெண்டால் இது சரியாப் படேல்லை."

"நித்திரையாய் இருப்பா, அண்ணை."

அவர் கேட்டால்தானே! அந்த முழங்காலோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். அம்மா குசினித் தரையில் விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் சந்தேகத்தாரும் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தாராம். அம்மா இப்போது சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

நானும் தனி ஆள்தான். காலையில் நான் யன்னல் திறக்கும் சத்தம் கேட்கப் பிந்தினால், சந்தேகத்தார் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டுகிறார். முன்பு எரிச்சலாக இருந்தது. இப்போது சில நாட்களில் வேண்டுமென்றே பிந்துகிறேன்.