கையோடு வந்த பட்டை

அன்புள்ள தம்பிக்கு,

கண் ஆஸ்பத்திரியிலிருந்து நான் ஓடிப்போனதாக உன் மனைவி போனில் எல்லாரிடமும் சொல்லிவருகிறாளாம். திருத்திக்கொள்ளச் சொல். நான் ஓடவில்லை, நடந்தேன். எழுபத்து நான்கு வயதில் குடையும் கைப்பையுமாக யார் ஓடுவார்கள்?

மற்றபடி நான் நலம், இடது கண் நீங்கலாக. நீங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நடந்தது இதுதான். கண்புரையை எடுப்பதற்கு முன் நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. "பதட்டமா இருக்காம்மா?" என்றாள். "எனக்கென்ன பதட்டம்? உங்க மிஷின்தான் நடுங்குது" என்றேன். விரல்கள் ஐஸாக இருந்ததும், கைக்குட்டையை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்ததும், மூன்று முறை கழிவறைக்குப் போனதும் உண்மைதான். எல்லாம் அந்த மின்விசிறிக் காற்றால். "நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று குழாயை மட்டும் உருவிக்கொண்டு, பட்டையை என் கையிலேயே விட்டுப் போனாள்.

மனதுக்குள் எண்ணுகிறவர்கள் ஏமாற்றுவார்கள் என்பது எங்கள் கான்வென்ட் சிஸ்டர்களின் கட்சி. ஆகவே வாய்விட்டு எண்ணினேன். எதிரே காலை ஆட்டிக்கொண்டிருந்த தையல்காரர் கூடச் சேர்ந்துகொண்டார், ஆனால் ஐந்திலேயே விட்டுவிட்டார். "ஆறு வரைக்கும், ஐயா" என்றேன். கூன் போட்டவர்களை நிமிர்த்தினேன், நகம் கடித்தவளின் கையை இறக்கினேன், ஐந்து நிமிடத்தில் அங்கே காத்திருந்த பதினோரு பேரும் ஒரே சீராக மூச்சுவிட்டார்கள். நர்ஸ் வந்து பார்த்தபோது தையல்காரருக்கும் நகம் கடித்தவளுக்கும் பிரஷர் இறங்கியிருந்தது. எனக்கு இருநூறு. இத்தனை பேரைக் கட்டி மேய்த்தால் ஏறாதா? "டாக்டர் பேசணுமாம், உள்ள வாங்கம்மா" என்று கதவைத் திறந்தாள். நான் மற்றக் கதவைத் திறந்தேன். அவர்கள் ஆறு எண்ணி முடிப்பதற்குள் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். பஸ்ஸில் ஒருத்தி "கையில அடியாம்மா?" என்று எழுந்து இடம் கொடுத்தபோதுதான் பட்டையும் கூடவே வந்திருப்பது தெரிந்தது.

பிறர் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. புதன்கிழமை பத்து மணிக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், அப்படியே கண்ணையும் முடித்துக்கொள்வேன். சில மாதமாக உன் கடிதங்களில் எறும்புதான் ஊர்கிறது. தப்பு உன் கையெழுத்தில் இல்லையோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வருகிறது. எனக்குப் பயம் துளியும் இல்லை. துணைக்கு யாரும் வேண்டாம்.

உனக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கும், சற்றுக் குறைவாக.

உன் அக்கா

பி.கு.: என் தம்பி ரொம்பப் பயந்தவன், அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவான் என்று நர்ஸிடம் போனில் சொல்லிவைத்திருக்கிறேன். கடைசிக் கதவு வரை நீ வரலாமாம். வருவாயா இல்லையா என்று எழுதிப் பதில் போடு. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.