தைலமரத்துக்கு ஒரு கிராப்

ஏணியின் மேல்படியில் நின்று பார்த்தபோது இடது பக்கம் கொஞ்சம் இறங்கித் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வலது பக்கம்தான் இறங்கியிருந்தது. சலூன்காரர் மறுபடி ரம்பத்தை எடுத்தார்.

"ஏங்க, போதும். இறங்குங்க" என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி.

"இரு. ரெண்டு பக்கமும் சமமா வரட்டும்."

இருபத்தெட்டு வருஷமாக அவர் சொல்லிவரும் வாக்கியம் அது. கிருதா இரண்டையும் சமமாக்குகிறேன் பேர்வழி என்று ஆரம்பித்து, கிருதாவே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தத் தெருவில் நாலைந்து பேர் உண்டு. ஆனால் தலைமுடியில் ஒரு சௌகரியம். எவ்வளவு சொதப்பினாலும் ஒரே மாதத்தில் வளர்ந்துவிடும். திட்டிவிட்டுப் போனவனே திரும்பி வந்து உட்காருவான்.

அந்தத் தைலமரம் அவர் வீட்டு வேலியோரம் முளைத்து, வெளிச்சத்தைத் தேடி அடுத்த வீட்டுக் கூரைமேல் கோணலாகச் சாய்ந்து வளர்ந்திருந்தது. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் தனி ஆளாக இருந்தார். பத்து வருஷமாக, மத்தியானம் சலூன் காலியாக இருக்கும் நேரத்தில் செய்தித்தாளும் கையுமாக வந்து உட்காருவார். உலகத்தில் எதைப் பற்றியும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில்லை. அந்தச் சண்டை இல்லாவிட்டால் சலூன்காரருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

இந்த ஆறு மாதமாகத்தான் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, வேலியோரம் கூட்டிவந்து மரத்தைக் காட்டி, என்றைக்காவது ஒரு நாள் இது என் தலையில்தான் விழப்போகிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போலச் செய்தித்தாளோடு வருவார். என் மரத்தை என்னிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்கிறாரே என்ற ரோஷத்தில் சலூன்காரரும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் சவரத்துக்கு வந்த ஒருவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். தபால்காரர் வீட்டை விற்றுவிட்டு மகன் இருக்கும் ஊருக்கே போகப்போகிறாராம். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மரத்தால் வந்தது, அதற்குப் பயந்துதான் கிளம்புகிறார் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. இனிமேல் மத்தியானத்தில் யாரோடு சண்டை போடுவது?

கேட்காமல் செய்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. நர்சரிக்காரம்மாவிடம் போய்க் கேட்டார். இப்போது ஈரக்காலம், வெட்டின இடம் அழுகும், குளிர் முடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டுங்கள் என்றாள் அந்த அம்மாள். கால் பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. கனமான கிளையென்றால் முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகுதான் மேலேயிருந்து அறுக்க வேண்டும். கிளை கிளம்பும் இடத்தில் இருக்கும் புடைப்பைத் தொடவே கூடாது.

"ரெண்டு மாசம் பொறுங்க. இது முடி இல்லைங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

இரண்டு மாதத்தில் வீடு கைமாறிவிடாதா? சனிக்கிழமை காலையிலேயே ஏணியைச் சாத்திவிட்டார்.

முதல் கிளையை நேராக மேலேயிருந்து அறுத்தார். பாதியில் அது படாரென்று முறிந்து, இரண்டு முழத்துக்குப் பட்டையையும் உரித்துக்கொண்டு வீட்டு முகப்பில் மாட்டியிருந்த அவருடைய சலூன் போர்டின் மேலேயே விழுந்தது. மிச்சம் நின்ற புடைப்பு அசிங்கமாக இருந்ததால் அதையும் ஒட்ட அறுத்து வழவழவென்று ஆக்கினார். காயம் பெரிதாகத் தெரிந்தது. பார்வைக்குச் சரியாக இருக்கட்டும் என்று அடுத்த கிளையையும் எடுத்தார். இப்போது மரம் இவர் வீட்டுப் பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு கழித்தார். உடனே உச்சி மட்டும் ஓங்கித் தெரிய, அதையும் குறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்து, பிடரியைப் பார்க்கிற பழக்கத்தில் மரத்தைப் பின்பக்கமாகவும் சுற்றி வந்தார். நெட்டைக் கம்பமும், அதன் உச்சியில் ஒரு குடுமியும்தான் மிச்சம்.

"இதுக்குப் பேசாம மொட்டையே அடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இது ஒரு மாதத்தில் வளர்கிற சமாச்சாரம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மரத்தை இப்படிப் பண்ணிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. போகட்டும், மரம் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம், அந்த மனுஷனைப் போல இன்னொருத்தருக்கு எங்கே போவது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

தபால்காரர் வெளியே வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். ஒரு வார்த்தை கத்தவில்லை.

"யாருக்காகப்பா இப்படிப் பண்ணினே?"

"உங்களுக்காகத்தான் அண்ணே. இனிமே உங்க கூரைக்கு ஒரு பயமும் இல்லை. நீங்க இங்கேயே நிம்மதியா இருக்கலாம்."

தபால்காரர் சலூன்காரரின் தோளை மெதுவாகத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது என்று சலூன்காரர் அன்று முழுக்க மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் செய்தித்தாள் வரவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுத் தரகர் ஒருவர் சவரத்துக்கு வந்து, நாற்காலியில் ஆனந்தமாகச் சாய்ந்துகொண்டார். பக்கத்து வீடு முடிந்துவிட்டது, அதற்கு உங்களுக்குத்தான் முதல் நன்றி என்றார். சலூன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்ககிட்ட சொன்னா சலூன் முழுக்கப் பரவி மகன் காதுக்குப் போயிடும்னு பெரியவர் விஷயத்தை மறைச்சிட்டாருங்க" என்றார் தரகர். "வீட்டை விக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னது அந்த மகன்தான், நான் கூட்டிட்டு வந்த பதினோரு பேரையும் உங்க கோணல் மரத்தைக் காட்டிக் காட்டியே பெரியவர் விரட்டிட்டாரு, பன்னெண்டாவது ஆளுக்குக் காட்டத்தான் அவர்கிட்ட ஒண்ணும் இல்லாமப் போச்சு."