காலண்டரில் தொங்கிய சுரங்கம்

பரோட்டாவைத் தின்னத் தெரியாத மனிதர் விருதுநகர் மாவட்டத்திலேயே ஒருவர் உண்டென்றால், அது எங்கள் முதலாளி பாறை அண்ணாச்சிதான். அடுக்கிய பரோட்டாவின் நடுவே விரலால் குடைவார். மேலே உள்ளங்கையால் அமுக்குவார். "பாருலே, ஓட்டை எங்கன பிதுங்குதுன்னு பாரு!" என்று கடையே அதிரக் கத்துவார். சப்ளையர் என்னைத்தான் முறைப்பார். எனக்கு மானமே போகும்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். பூமிக்கடியில் சுரங்கப்பாதை குடைந்தால் சுற்றியுள்ள பாறை எப்படி அழுந்தும், எங்கே வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்வது எங்கள் பிழைப்பு. பாறை நகர்வதோ மயிரிழை அளவு. கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று படத்தில் பல நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவோம்.

இந்த ஊரில் கம்பெனி என்று ஒன்று இருந்தால் காலண்டர் போட்டே ஆகவேண்டும். சாமி படத்துக்கு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "நமக்குச் சோறு போடுறது சுரங்கம்லே" என்று, அப்போது ஆந்திராவில் குடைந்துகொண்டிருந்த ஒரு சுரங்கத்தின் பெரிதாக்கிய படத்தையே கீழே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். கூரை தொங்க, சுவர் பிதுங்க, சிவப்பும் மஞ்சளுமாய் அப்படியொரு பளபளப்பு! பெரிதாக்கிய படம் என்ற குறிப்பை எடுத்துவிட்டு, அங்கே கம்பெனி பெயரைப் போடச் சொன்னதும் இந்த மகராசன்தான்.

அந்த ஆந்திரச் சுரங்கத்துக்கும் ஒரு கட்டு காலண்டர் போனது. ஜனவரியில் அங்கிருந்து போன். காலண்டரைப் பார்த்த தொழிலாளிகள் உள்ளே இறங்க மாட்டோம் என்று வெளியே உட்கார்ந்துவிட்டார்களாம். அண்ணாச்சி கூனிக்குறுகிப் போனார். "உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு வேலை பாக்கிறவகளப் பயங்காட்டிட்டேனேலே. இதப் போன்ல சொல்லக்கூடாது. நேர்ல போவணும்."

அவரோடு நானும் போனேன். அங்கே மேஸ்திரி நம் விருதுநகர் பக்கத்து ஆமத்தூர்க்காரர். காலண்டரை நீட்டினார்.

"இது எங்க சுரங்கந்தான சார்? இப்படியா கெடக்கு?"

"இல்லய்யா. தெரியட்டும்னு பெருசாக்குன படம். நெசத்துல ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

"அப்பச் சரி. நீக முன்னால நடங்க, நாங்க பின்னால வாறோம்."

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷமாய்ச் சுரங்கம் வரைந்தவர், ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை! "ஏலே, பயமா இருக்குலே" என்று என் காதைக் கடித்தார். அத்தனை பேர் பார்க்க, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மனுஷன் நடந்தார். என் கையை விடாமல் கடைசி வரை நடந்தார். பின்னாலேயே அவர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வெயிலுக்கு வந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு கையை உருவப் பார்த்தார். நான் விடவில்லை.