ஆள் பாடாத ஆல்பம்

குன்னம்,
வெள்ளிக்கிழமை, வெயில் ஏறிய பிறகு.

கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரித் தோப்போடும் முன்கோபத்தோடும் வாழ்ந்துவரும் மைத்துனர் முத்தமிழ்செல்வன் அவர்களுக்கு, அக்காள் புருஷன் வைத்திலிங்கம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் மகன் பரணிதரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் தங்கச்சி மலர்கொடியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரிங்க மாமா, வெச்சிடறேன்" என்று தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் நீ.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான் மாப்ளே. பரணி பத்தாவது பாஸ் பண்ணியதும் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று திருச்சிக்கு அழைத்துப் போய், கிட்டாரும் கையுமாகத் திருப்பி அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. உன் அக்கா பாக்யலட்சுமி அப்போதே, "சைக்கிள்னா எங்கயாவது போயிட்டுத் திரும்பி வருவான், இதுல போனா எங்க போவானோ" என்றாள். சென்னையில் பகலெல்லாம் கம்பெனி வேலை, சாயங்காலமானால் யாராவது பாடுகிறவருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிப்பது என்று இருந்தவன், உன் அக்கா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் வேலையையும் விட்டான், பாடுகிறவர்களையும் விட்டான். ஆடிக் காற்றோடு இங்கே வந்து இறங்கினான். சோலோ ஆல்பம் போடப்போகிறானாம்.

"யாருடா பாடப்போறது?" என்று கேட்டேன்.

"யாரும் பாடமாட்டாங்கப்பா. கிட்டார்தான்."

"அப்புறம் எப்படி அது பாட்டு?"

"கிட்டாரே பாடும்பா."

அடிப்படை ராக் என்கிற முரட்டு இசையாம். அதில் நாதஸ்வரக்காரர் சுரத்தை வளைப்பதுபோல் இவன் கம்பியை வளைப்பானாம், பறையின் அடிக்கணக்கில் டிரம்ஸ் வருமாம், நடுவில் ஜாஸ் என்று ஒன்று தள்ளாடிக்கொண்டு வருமாம், கடைசியில் ஒப்பாரி மெட்டாம். உனக்கே தெரியும், நான் உணவு இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த்தூளில் செங்கல் பொடி, டீத்தூளில் புளியங்கொட்டைத் தோல் என்று பெரம்பலூர் ஜில்லா, அரியலூர் ஜில்லா முழுக்கப் பிடித்தவன். "இதுக்குப் பேரு கலப்படம்டா" என்றேன். "கலப்புப்பா. கலப்படம் வேற" என்றான். ஆல்பத்துக்கு 'மானாவாரி' என்று பேர் வைத்தான். யாரும் தண்ணீர் பாய்ச்சாமல் தானாக விளைந்ததாம்.

வாசிப்பதற்கு இடம் வேண்டுமே. பெரம்பலூர் ரோட்டில் மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டி வெள்ளைச்சாமியின் பருத்திக் குடோன் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினான். எதிரொலி வரக்கூடாது என்று நம் வீட்டு மெத்தைகளையெல்லாம் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டான். சுவர்கள் சொகுசாக இருக்கின்றன, நான் பாயில் படுக்கிறேன். பெரம்பலூரிலிருந்து பிரேம் என்று ஒரு கூட்டாளி கம்ப்யூட்டரும் ஸ்பீக்கர்களுமாக பைக்கில் வந்து பதிவு செய்து கொடுத்தான். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ இருட்டில் எதையோ பார்த்துப் பயந்த கேஸ் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒருநாள் உச்சி வெயிலில், போட்டுவைத்திருந்த தார்ப்பாயை எடுத்துப்போக வெள்ளைச்சாமி வந்தார். பரணி அப்போதுதான் வாசித்து முடித்ததை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தார்ப்பாயைச் சுருட்டிய மனிதர் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போய்விட்டது.

"சார், இதுல எங்கப்பாரு இருக்காரு" என்றார்.

"எதுல?"

"கிட்டாருக்கு அடியில. மாட்டை அதட்டுறாரு சார். செவலைன்னு பேரு சொல்லி அதட்டுறாரு."

அவருடைய அப்பா செத்து எத்தனையோ காலமாகிறது. அந்த மாடு அதற்கும் முன்னால் போனது. வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் நமக்குச் சமைத்துப்போடும் செங்கமலம், பரணிக்குச் சோறு கொண்டுபோனவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். போன வருஷம் போய்ச்சேர்ந்த அவள் புருஷன் குரல் கேட்கிறதாம். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "கொழம்புல உப்பு பத்தலைங்குறாரு சார்" என்றாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "செத்து மண்ணாப் போயும் உனக்கு உப்பு பத்தலையா?" என்று ஒரு சத்தம் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து நம் வீட்டுக் குழம்பில் அந்த மனுஷன் கேட்கிற அளவுக்கு உப்பு விழுகிறது. எனக்கு பிரஷர் இருக்கிறது என்று சொன்னால், "அவுரு ஒத்துக்க மாட்டேங்குறாரு சார்" என்கிறாள். செத்தவர் ருசிக்கு நான் மாத்திரை சாப்பிடுகிறேன்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? சாப்பாட்டு வேளை தாண்டினால் குடோன் வாசலில் செருப்புகள் குவிந்தன. யார் சொன்னார்களோ, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கிட்டாரில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்கள், பரணி முடியாது என்றான், ஆம்ப்ளிஃபையரில் கட்டிவிட்டார்கள். பருத்தி விதை வாங்கப் புறப்பட்டவர் அதை மறந்துவிட்டு வந்து தம்பியைக் கேட்டார். மாமியாரைக் கேட்ட ஒருத்தி எழுந்து ஓடிப்போனாள், ஆனால் மறுநாளும் வந்தாள். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். கண்ணைத் திறந்துகொண்டே, பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். முரட்டு கிட்டார் மேலே கதறிக்கொண்டிருக்க, கீழே இவர்கள் யாருக்கோ மெதுவாகத் தலையாட்டுவதைப் பார்த்தால், மாப்ளே, அந்தப் புழுக்கத்திலும் எனக்கு முதுகு சில்லிட்டது.

சர்வீஸில் இருந்தபோது சந்தேகம் வந்தால் சாம்பிள் எடுப்பேன். இதையும் அப்படியே சோதித்துவிடுவது என்று முடிவுசெய்து பிரேமை அழைத்தேன். "தம்பி, இதுல என்னென்ன கலந்திருக்கீங்களோ ஒண்ணொண்ணா எடுங்க" என்றேன். அவன் டிரம்ஸை நிறுத்தினான். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அடியில் உறுமும் பேஸ் கிட்டாரை நிறுத்தினான். கடைசியாகக் கிட்டாரையும் நிறுத்தினான். கம்ப்யூட்டர் திரையில் நேர்க்கோடு மட்டும் ஓடியது. நானே போய் வாசல் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வெளியே சோளத்தோகை உரசுவது கேட்டது, அவ்வளவுதான். "ஆச்சு, எந்திரிங்க எல்லாரும்" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. செங்கமலம் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க சார். இப்பத்தான் தெளிவா கேக்குது."

வெள்ளைச்சாமி ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு அத்தனை தலைகளும் ஒன்றாக, மெதுவாக, இடமிருந்து வலமாகத் திரும்பின. யாரோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து போவதைப் பார்ப்பதுபோல. அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்த பஞ்சுத் துகள்களும் அதே பக்கமாக ஒதுங்கின. காற்று இல்லை மாப்ளே. நான் வாசலில் நின்றேன், எனக்குத் தெரியாதா? பிரேம் பைக் சாவியை எடுத்தவன்தான். மிச்ச வேலையெல்லாம் பெரம்பலூரிலிருந்து போனிலேயே செய்கிறான்.

இதில் எனக்கு நேர்ந்த அவமானம் வேறு. ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் அவனவன் ஆள் வந்து பேச, என் காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. எனக்குக் கிட்டார்தான் கேட்டது. மனசு கேட்காமல் பெரம்பலூர் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். "இந்த வயசுக்கு அருமையான காது சார்" என்று முதுகில் தட்டி அனுப்பினார். பிறகு பரணியிடம் கேட்டேன்.

"உனக்கு யாரு கேக்குறா?"

அவன் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "அம்மாதான்பா. முதல் நாள்லேருந்து. அது முனகுற பக்கமாத்தான் நான் கையைக் கொண்டுபோனேன். நாதஸ்வரம், பறை, ஜாஸுன்னு நான் ஒண்ணும் திட்டம் போட்டுக் கலக்கலை. அது போன வழியில போனேன்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

ரொம்ப நேரம் துடைத்தான். "இல்லப்பா" என்றான்.

உயிரோடு இருந்தபோது நான் ஹாலிலிருந்து கூப்பிட்டால் சமையலறையிலிருந்து பதில் சொல்லாதவள், இப்போது எங்கிருந்து சொல்லப்போகிறாள் என்று சிரிக்கத்தான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. உப்பும் ஒரு காரணம்.

இதற்கிடையில் ஊர் கெட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைச்சாமியின் கொல்லையில் களை இடுப்பளவு நின்றது. செங்கமலம் நமக்கு ஆக்கிப் போட்டதோடு சரி, அவள் வீட்டு அடுப்பு எரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய வெங்காயத்தை வாங்கியவர் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை, குடோன் வாசலில் அழுகியது. அப்போதுதான் சென்னையிலிருந்து ஆல்பத்தை வெளியிடுகிறவர்கள் பரணியிடம் பேசினார்கள். எல்லாம் பிரமாதம், கடைசியில் ஒரு அம்மாள் முனகுவது ரொம்ப நன்றாயிருக்கிறது, அவர் பேரைச் சொன்னால் அட்டையில் போடலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அவங்களுக்கும் கேக்குதுப்பா. எனக்கே பயமா இருக்கு. இதை வெளிய விட்டா ஊரு ஊரா இப்படி உக்காந்துடுவாங்களோ என்னவோ. நீங்க சொல்லுங்க. வேணாம்னா மொத்தத்தையும் இப்பவே அழிச்சிடறேன்."

இவ்வளவு நாளும் அழிக்கச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனாலும் சாம்பிளை முழுசாகப் பார்க்காமல் நான் எதையும் கொட்டச் சொன்னதில்லை. மறுநாள் மதியம் எல்லோரையும் வெளியே நிறுத்தி, குடோனைத் தாழ் போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். உன் அக்கா வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. கிட்டார் மட்டும் வந்தது. முதலில் ஏற்றத்தில் திணறுகிற லாரி போல ஒரே இரைச்சல். பிறகு அந்த இரைச்சல் ஓரிடத்தில் தயங்கியது. தயங்கி, ஒரு கம்பியை மெல்ல வளைத்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. மாப்ளே, அது நம் பரணியேதான். சின்ன வயதிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்க வந்து, கேட்காமல் போவானே, அதே தயக்கம். பறையடி வந்ததும் அவனுக்குக் கோபம் வந்தது. இவனுக்கு இவ்வளவு கோபம் இருப்பது எனக்குத் தெரியாது. இவ்வளவு பிரியம் இருப்பதும் தெரியாது. ஊரே செத்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. என் பிள்ளை வாசிப்பதைக் கேட்டது நான் ஒருத்தன்தான். கண்ணில் நீர் வந்தது உண்மை, பஞ்சுத் தூசி என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

தாழைத் திறந்துகொண்டு வந்து, "வெளியிடுடா. உங்கம்மா பேரையே போடு. ஆனா குடோனை இன்னையோட பூட்டிடணும்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். செங்கமலம் என்னைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினாள். வெள்ளைச்சாமி பூட்டைக் கொஞ்சநேரம் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டுக் களை எடுக்கப் போனார். மெத்தைகள் வீடு வந்து சேர்ந்தன. ஆக, பேயும் இல்லை பிசாசும் இல்லை, நல்ல காது உள்ளவனுக்கு நல்ல சங்கீதம் கேட்கும் என்று நான் தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. நீ இல்லாமல் நடக்காது. ஜெயங்கொண்டம் போய் அரியலூர் பஸ் பிடித்தால் காலையிலேயே வந்துவிடலாம். தங்கச்சியையும் அழைத்து வா. கிட்டார் வாங்கிக் கொடுத்த கையாலேயே முதல் பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும். உன் தோப்பு காய்த்துத் தள்ளட்டும், கோபம் குறையட்டும், மலர்கொடிக்கு மூட்டுவலி தீரட்டும் என்று உன் அக்காவின் சார்பிலும் சேர்த்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா,
வைத்திலிங்கம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஆசைக்கு இன்னொரு தடவை கேட்போம் என்று பரணியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மேலே எழுதியதில் எதையும் நம்பாதே. கடைசிப் பாட்டில், கிட்டாருக்கு அடியில், எனக்கும் ஒரு குரல் கேட்டது. உன் அக்கா இல்லை. "மாமா, நம்ம பய நல்லா வாசிக்கிறான்ல?" என்றது. ஆல்பம் இன்னும் வெளியாகவே இல்லை, நீ எங்கிருந்து கேட்டாய்? உடனே உனக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மலர்கொடியும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ எங்கும் வரவேண்டாம், எந்த பஸ்ஸிலும் ஏறவேண்டாம், இருக்கிற இடத்திலேயே இரு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானே அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவைத் தட்டுவேன். நீயே வந்து திற மாப்ளே. வேறு யாரையும் அனுப்பாதே.