கொடி இல்லாத குழிகள்

தரவை வீதியால் நாளாந்தம் போய்வரும் சனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குண்டும் குழியுமான வீதியில் இருக்கும் கிடங்குகளை மூடித் தாருங்கள் என்று கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒருமுறை பெரிய கிடங்கொன்றுக்குள் வாழைக்குட்டி நட்டு, அதைப் படமெடுத்தும் அனுப்பினார்கள். “தங்கள் கோரிக்கை சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டு வருகின்றது” என்று பதில் வந்தது. வாழை குலை தள்ளியது. பரிசீலனை முடியவில்லை.

கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே அது சீக்கிரமே கிடைத்தது.

கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த தியாகராசா, விளையாட்டுப் பணிப்பாளர் அருளம்பலத்தின் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, “கோல்ஃப் இல்லாத ஊரை என்ரை ஊர் எண்டு அங்கை சொல்ல வெக்கமாயிருக்கு” என்றார். பணிப்பாளருக்கு அதுவரை வராத வெட்கம் அந்தக் கணமே வந்தது. மானிப்பாய்க்கும் உடுவிலுக்கும் நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த தரவை நிலம் அளக்கப்பட்டது. வேலி போடப்பட்டது. உள்ளே நுழையக்கூடாது என்று மாடுகளின் பார்வைக்குப் படும் உயரத்தில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒன்பது குழியும், குழிக்கு ஒரு சிவப்புக் கொடியுமாக மைதானம் எழுந்து நின்றது.

அதற்குப் பொறுப்பாகச் செல்வரட்ணம் போடப்பட்டார். உடுவில்காரர், விளையாட்டு உத்தியோகத்தர். தூரத்து முசலிப் பக்கம் வருடக்கணக்காகக் கடமையாற்றி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியப்புறம் பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய மனிதர். இப்போது தற்காலிக இணைப்பில் ஊருக்கு வந்திருந்தார். திறப்புவிழா நல்லபடி நடந்தால் உடுவிலிலேயே இருக்கலாம். நடக்காவிட்டால் திரும்ப முசலி. இதைப் பணிப்பாளர் வாய்மொழியாகத் தெரிவித்திருந்தார். செல்வரட்ணத்தின் மனைவி உதயகலாவும் ஒரு முடிவை வாய்மொழியாகத் தெரிவித்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, இனி நான் பை அடுக்கமாட்டன். திரும்பவும் போறதெண்டால் நீங்களே அடுக்கிக்கொண்டு போங்கோ. வரேக்கை நான் அம்மா வீட்டிலை நிப்பன்.”

செல்வரட்ணத்துக்குக் கோல்ஃப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: பந்தைத் தடியால் அடிக்கவேண்டும், கொடி நிற்கும் குழிக்குள் அது விழவேண்டும், குறைந்த அடியில் விழுத்தியவர் வெற்றியாளர். மிச்சமெல்லாம் ஜெனிற்றாவுக்குத் தெரியும். குருநகர்ப் பெண். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்து, அங்கேயே விளையாடவும் பழகி, ஊரோடு இருப்போம் என்று திரும்பி வந்தவள். பயிற்றுநர் என்ற பதவி கொடுத்திருந்தார்கள். கதிரை கொடுக்கவில்லை.

“அண்ணை, நிலம் கட்டியா இறுகிப்போச்சு. புல்லுக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு” என்றாள் ஒருநாள். “முழுக்கக் குத்தி ஓட்டை போட்டு மண் தூவவேணும். எல்லா இடத்திலையும் செய்யிற வேலைதான்.”

“எவ்வளவு பெரிய ஓட்டை?”

“விரல் போற அளவு காணும். ரெண்டு கிழமையிலை தானா மூடும். அதுவரைக்கும் ஒருத்தரையும் விளையாட விடாதையுங்கோ.”

கோரிக்கை மேலிடம் போனது. விலைமனுக் கோரப்பட்டது. விரல் அளவுக் குழாய்க்குப் புதிதாக ஒதுக்கீடு தேவை என்றும், நீர்க்குழாய்த் திட்டத்தில் மிஞ்சிய பெரிய குழாய் களஞ்சியத்தில் சும்மா கிடக்கிறது என்றும் கொள்வனவுக் குழு கண்டுபிடித்தது. சும்மா கிடப்பதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது வீண்செலவு அல்லவா. மானிப்பாயில் ஒரு இரும்பு ஒட்டுப்பட்டறையில் அந்தக் குழாயை வெட்டி, உருளையில் பொருத்தி, லாண்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரத்தில் பூட்டித் தரவை முழுக்க இழுத்தார்கள். விரல் நுழையவேண்டிய ஓட்டைக்குள் வாத்து முட்டை நுழைந்தது. மைதானம் இடியப்ப உரலின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் பணிப்பாளர் தொலைபேசி எடுத்தார். திறப்புவிழா ஆடிக்குள் போய் விழுகிறதாம். ஆடியில் புதுக்காரியம் தொடங்கக்கூடாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். ஆகவே விழா வருகிற ஞாயிற்றுக்கிழமை.

“சேர், இப்பதான் குத்தினது. ரெண்டு கிழமைக்கு…”

“செல்வரட்ணம், புல்லுக்காக ஆடி மாசத்தைப் பின்போடேலுமே? நீர் யோசிச்சுக் கதையும். உம்மடை இடமாற்றக் கடிதமும் என்ரை மேசையிலைதான் கிடக்குது.”

செல்வரட்ணம் யோசித்தார். பின்போட முடியாது என்பது அவருக்கும் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நாதஸ்வரம் முழங்கியது. மங்கள விளக்கேற்றப்பட்டது. பிரதம விருந்தினர் பணிப்பாளர், சிறப்பு விருந்தினர் தியாகராசா, கௌரவ விருந்தினர்கள் மேடை கொள்ளாத அளவுக்கு. தியாகராசா கட்டம் போட்ட தொப்பியும் முழங்காலுக்குக் கீழே முடிந்துபோன காற்சட்டையும் போட்டிருந்தார். எல்லோருடைய ரீசேட்டுக்கு மேலும் பொன்னாடை போர்த்தப்பட்டது. பொன்னாடையோடே பணிப்பாளர் தடியை ஓங்கினார்.

முதல் வீச்சில் பந்து அசையவில்லை. ஒலிவாங்கி செல்வரட்ணத்தின் கையில் இருந்தது. “பணிப்பாளர் அவர்கள் மைதானத்துக்குத் தமது வணக்கத்தைத் தெரிவித்துள்ளார்” என்று அறிவித்தார்.

இரண்டாவது வீச்சில் பந்து தயங்கித் தயங்கி உருண்டது. ஒரு ஆள் படுக்கக்கூடிய தூரம் போயிருக்காது. லாண்ட்மாஸ்ரர் குத்திய ஓட்டையொன்றுக்குள் பொத்தென்று விழுந்து மறைந்தது. சிவப்புக் கொடி எங்கேயோ பனைகளுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பணிப்பாளரின் காது சிவந்தது. எல்லோரும் செல்வரட்ணத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து உதயகலாவும் பார்த்தாள். அவருடைய கண்ணுக்குள் முசலி பஸ் வந்து நின்றது.

“ஒரே அடியில்” என்றார் ஒலிவாங்கியில். “ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் விழுத்தி, பிரதம விருந்தினர் அவர்கள் வரலாறு படைத்துள்ளார்.”

கைதட்டல் வேலிக்கு வெளியே நின்ற மாடுகளைக் கலைத்தது.

ஜெனிற்றா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். “அண்ணை, கொடி அங்கை நிக்குது.”

“தங்கச்சி, கொடி ஒரு அலங்காரம்.”

அடுத்து தியாகராசா அடித்தார். அவருக்கும் விழுந்தது. கௌரவ விருந்தினர்கள் வரிசையாக வந்தார்கள், வரிசையாக விழுந்தது. எங்கே அடித்தாலும் விழும்போது விழாமல் எப்படிப் போகும். கடைசியில் ஜெனிற்றாவையும் அடிக்கச் சொன்னார்கள். அவள் ஓட்டைகளுக்கு மேலால் பந்தைப் பறக்கவிட்டு, அடுத்த அடியில் கொடிக்குக் கிட்டக் கொண்டுபோய், மூன்றாவது அடியில் கொடிக்குழிக்குள் விழுத்தினாள். ஒருவரும் கை தட்டவில்லை. மூன்று அடி எடுத்துவிட்டாளே என்று பாவம் பார்த்தார்கள்.

ஆனால் இடையில் ஒரு சிக்கல் வந்தது. தியாகராசாவின் பந்து பணிப்பாளருடையதைவிடத் தூரம் போய் விழுந்திருந்தது. அப்படியென்றால் சிறப்பு விருந்தினர் பிரதம விருந்தினரை வென்றுவிட்டாரா. மறுநாள் கூட்டம் கூடி இரண்டு தீர்மானங்கள் எடுத்தது. ஒன்று, மைதானத்தின் எல்லைக்குள் அமைந்த எந்தக் குழியும், கொடி உண்டா இல்லையா என்ற பேதமின்றிக் குழியாகவே கருதப்படும். இரண்டு, குறைந்த தூரத்தில் விழுத்துபவர் மூலவளத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர் ஆகையால் அவரே மேலானவர். இதன்படி பணிப்பாளர் முதலாம் இடம். ஜெனிற்றா கடைசி. அதிக அடி எடுத்து, அதிக தூரம் போய், தேவையில்லாத குழிக்குள் விழுத்தியவள் என்று அறிக்கையில் எழுதினார்கள். எழுதியவர் செல்வரட்ணம்.

அதற்குப் பிறகு வலிகாமம் பகுதி முழுவதற்கும் கோல்ஃப் பிடித்தது. கட்டம் போட்ட தொப்பி இல்லாமல் கலியாணவீட்டுக்குப் போனவர்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கோயில் பரிபாலன சபை வந்து அடித்தது, விழுந்தது. பாற்கூட்டுறவுச் சங்கம் வந்தது, அவர்களுக்கும் விழுந்தது. விழுந்தவர்களுக்கெல்லாம் “ஒரே அடி வெற்றியாளர்” என்று சான்றிதழ். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஒரே அடியோ என்று விசாரித்தார்கள். மின்கம்பங்களில் ஒட்டிய மரண அறிவித்தல்களில்கூட, ஓய்வுபெற்ற தபாலதிபரும் ஒரே அடி வெற்றியாளருமான என்று தொடங்கியது. ஊரில் தோற்றவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை, ஜெனிற்றாவைத் தவிர.

ஜெனிற்றா தன் வேலையைப் பார்த்தாள். மண் தூவினாள், தண்ணி விட்டாள். பெரிய ஓட்டை என்றபடியால் கொஞ்சம் கூடுதல் நாள் எடுத்தாலும், புல் வேலையை முடித்தது. தரவை வீதியின் கிடங்குகளை இத்தனை அலுவலகங்கள் கூடியும் மூட முடியாதிருக்க, சம்பளமும் வாகன வசதியும் இல்லாத புல், மைதானத்தின் அத்தனை ஓட்டைகளையும் மூடிவிட்டது.

அந்த வாரம் பணிப்பாளர் வந்து அடித்தார். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் வாழ்நாளில் அடித்த அடிகளிலே அதுதான் நல்லது. ஆனால் எங்கேயும் விழவில்லை.

“செல்வரட்ணம், குழியளுக்கு என்ன நடந்தது?”

“மூடீட்டுது சேர்.”

“ஆர் மூடினது?”

“புல்லு சேர்.”

“புல்லுக்கு ஆர் அனுமதி குடுத்தது?”

பணிப்பாளர் தொப்பியைக் கழற்றினார். “மைதானத்தைப் பழுதாக்கிப்போட்டீர். சனம் எனக்கு மனு அனுப்புது. வாற கிழமைக்கிடையிலை பழையபடி வரவேணும். இல்லாட்டி உமக்கு முசலி தெரியும்தானே.”

அன்று பின்னேரம் செல்வரட்ணம் தரவையில் நின்றார். ஜெனிற்றா ஒரு பந்தை மெல்லத் தட்டினாள். பச்சைப் புல்லின்மேல் அது சத்தமில்லாமல் ஓடி, ஒரு வளைவு எடுத்து, கொடிக்குக் கீழே போய் விழுந்தது. செல்வரட்ணத்துக்கு ஏனோ நெஞ்சு நிறைந்தது. விளையாட்டு உத்தியோகத்தராக இத்தனை வருடம் இருந்து, அன்றுதான் ஒரு விளையாட்டைப் பார்த்து அவர் சந்தோசப்பட்டார்.

“இப்பதான் அண்ணை இது மைதானம்” என்றாள். “திரும்பக் குத்தாதையுங்கோ. இந்த வெய்யிலுக்கு வேர் செத்துப்போம்.”

அவர் ஓம் என்று தலையாட்டினார். விடிந்ததும் லாண்ட்மாஸ்ரருக்குச் சொல்லி அனுப்பினார். அது ஓடி முடியும்வரை அலுவலக அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு இடமாற்றம் கிடையாது. அந்தக் கிழமையே ஜெனிற்றா திரும்பத் துபாய்க்குப் போக ஏற்பாடு செய்தாள். மூன்று அடிக்காரிக்குப் பிரியாவிடை வைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு மலைநாட்டில் பெரிய கோல்ஃப் போட்டியொன்று வந்தது. தர வரிசைப்படி பணிப்பாளரும் தியாகராசாவும் மற்ற விருந்தினர்களும் அணியாகப் போனார்கள். போகும்போது நாதஸ்வரம். அங்கே பந்து விழாமல் விழாமல், பொழுதுபட்டுக் கொடியைக் கழற்றும்வரை அடித்தார்கள். திரும்பி வரும்போதும் நாதஸ்வரம். பணிப்பாளர் ஊடகங்களுக்கு நிலைமையை விளக்கினார்.

“அங்கை உள்கட்டமைப்புச் சரியில்லை. இவ்வளவு பெரிய காணியிலை பதினெட்டுக் குழிதான் கிண்டியிருக்கினம். அதுகும் ஒண்டுக்கொண்டு கனதூரம். எங்கடை தரத்துக்கு வர அவைக்கு இன்னும் காலம் எடுக்கும்.”

ஊர் பெருமைப்பட்டது. மேலிடம் யோசித்தது. குழி விடயத்தில் இவ்வளவு முன்னேறிய மாவட்டத்தின் அனுபவம் நாட்டுக்குப் பயன்படவேண்டாமா. அடுத்த மாதம் செல்வரட்ணத்தின் மேசைக்குக் கடிதம் வந்தது. குழி விருத்தியில் அவர் காட்டிய நிபுணத்துவத்தைப் பாராட்டி, பதவி உயர்வு வழங்கி, பதுளைப் பக்கம் புதிதாக அமையும் மைதானத்துக்கு நிரந்தர இடமாற்றம். முசலிக்கு ஒரு பஸ்தான். பதுளைக்கு அதைவிட மூன்று மடங்கு தூரம்.

“சேர், நான் உடுவில் எண்டுதானே…”

“பதவி உயர்வை மறுக்கேலாது செல்வரட்ணம். இதெல்லாம் உம்மடை குழியாலை வந்த பேர்.”

பிரியாவிடையன்று உதயகலாவையும் ஒரு அடி அடிக்கச் சொன்னார்கள். விழுந்தது. சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நேரே அம்மா வீட்டுக்குப் போனாள். பையைச் செல்வரட்ணமே அடுக்கினார்.

திங்கட்கிழமை விடியப்புறம், பட்டணத்துக்குப் போகும் பஸ் தரவை வீதியால் வந்தது. செல்வரட்ணம் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பஸ்ஸுக்குள் தெரிந்த முகங்கள்தான். பாற்கூட்டுறவுச் சங்கத்தார், பரிபாலன சபையார், கட்டம் போட்ட தொப்பியோடு சாரதி. எல்லோரும் ஒரே அடி.

சாரதி பெரிய கிடங்கொன்றுக்கு விலத்தி எடுத்தார். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது. முன்சில்லு அதற்குள் பொத்தென்று இறங்கியது. பஸ் சரிந்து நின்றது. ஒருத்தியின் கூடையிலிருந்து கத்தரிக்காய்கள் கொட்டி உருண்டன. யாரோ ஒருவரின் தலை கம்பியில் மோதிய சத்தம் கேட்டது.

பின் இருக்கையில் ஒருவர் மெல்லக் கை தட்டத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு பஸ் முழுக்கத் தட்டியது. மோதிய தலையைத் தடவிக்கொண்டிருந்தவரும் தட்டினார். சாரதி தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

செல்வரட்ணம் மடியில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். இரண்டு கையும் வேண்டியிருந்தது.