பொன்னாடை போர்த்திய கண்டுபிடிப்பு

மைக்கைக் கையில் கொடுத்தால் நான் மனிதன் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சிலருக்குச் சாராயம், சிலருக்குச் சீட்டு, எனக்கு மைக். பிறந்தநாளோ செத்தவீட்டு அஞ்சலியோ, "இரண்டு வார்த்தை கதையுங்கோ" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அந்த இரண்டு வார்த்தை முடியும்போது சோறு ஆறியிருக்கும், ஐயர் வீட்டுக்குப் போயிருப்பார். (ஒருமுறை கேட்டவர் மறுமுறை கேட்பதில்லை. ஆனால் ஊர் பெரிது. தெரியாமல் கேட்கப் புதிதாக யாராவது அகப்படுவார்கள்.)

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கைபேசி திருத்தும் கடை. பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. மிச்சத்தை உடைந்த போன்களைப் பிரித்துப் பார்த்துப் படித்தேன். அக்காவின் புருசன் தவராசா அத்தானுக்குக் கடல் தொழில். நான் வாய் ஓயாத ஆள், அவர் வாய் திறக்காத ஆள். இரண்டையும் கூட்டிப் பிரித்தால் வீட்டில் சராசரியான சத்தம் இருக்கும் என்று அக்கா சொல்லுவா.

அந்த அத்தான் ஒரு பின்னேரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"தூரக் கடலிலை போனுக்குச் சிக்னல் இல்லை, மச்சான். ஆனா நாங்கள் பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லுவம். அவன் அடுத்தவனுக்குச் சொல்லுவான். கரைக்குச் செய்தி வந்திடும். உன்ரை போனுகளை உப்பிடிக் கூப்பிட வைக்க ஏலாதோ?"

அவர் ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சு அது. அதோடு வலைக்குத் திரும்பிவிட்டார். நான் அன்றிரவு தூங்கவில்லை.

பல மாதம் மினக்கெட்டுக் கடைசியில் ஒரு பெட்டி செய்தேன். தண்ணீர் போகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் பழைய கைபேசியின் கமரா, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சின்னப் பலகை, மேலே வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு. படகில் ஒரு கம்பம் நட்டு அதன் உச்சியில் கட்டிவிட்டால், சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும். அந்தப் படம் பக்கத்துப் படகிலுள்ள பெட்டிக்குத் தாவி, அதிலிருந்து அடுத்ததுக்குத் தாவி, கரையிலிருக்கும் என் கடைக்கு வந்துசேரும். சிக்னல் தேவையில்லை. நாலைந்து படகில் கட்டிப் பார்த்தோம். வேலை செய்தது. முதல் படத்தில் தெரிந்தது அத்தானின் தலைமுடியும் பாதிக் காதும்தான். அக்கா அதைப் பார்த்து, "எண்ணெய் வைக்காமல் போயிட்டார்" என்றா.

இனி எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆளை முதலில் பாராட்டுவோம். ஆள் என்ன செய்தான் என்பதைப் பிறகு ஆறுதலாக விசாரிப்போம். செய்தி வாசிகசாலைக்குப் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், பாராட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். என்னைவிட இரண்டு மடங்கு பெரிய பனர், அதில் என் முகமும் 'எம் மண்ணின் விஞ்ஞானி' என்ற எழுத்தும். மேளம் முன்னே போக, தாம்பாளத்தில் பட்டு விரித்து அதன் மேல் சாப்பாட்டுப் பெட்டி போக, பின்னால் மாலையோடு நான். (பெட்டிக்கும் ஒரு மாலை. கமராவை மறைத்துக்கொண்டு.) கனடாவிலுள்ள சொந்தக்காரர் பார்க்க வேண்டுமென்று வாசிகசாலையின் முகநூல் பக்கத்தில் நேரடி ஒளிபரப்பும் ஏற்பாடு.

பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள்.

முதலில் நன்றி சொன்னேன். பிறகு விளக்கினேன். விளக்கியது போதாது என்று பட்டு, பெட்டி, ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் மேசைக்கு வரவழைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒளிபரப்புக் கமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வயர் எங்கே போகிறது, எந்தப் பலகை, என்ன இடைவெளி, படம் எந்த ஒழுங்கில் தாவுகிறது, ஒன்றும் மிச்சமில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் நித்திரையானார்கள். பிரதம விருந்தினர் ஒருபடியாக மைக்கை என்னிடமிருந்து பிடுங்கி, "தம்பி, உதுக்குக் காப்புரிமை எடும். விட்டுடாதையும்" என்று அறிவுரை சொன்னார். கைதட்டல். எல்லாவற்றையும் திறந்து காட்டி முடிந்த பிறகு வந்த அறிவுரை.

காப்புரிமை என்ற சொல் அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அத்தானிடம் சொன்னேன்: "அத்தான், அதிலை கண்டுபிடிச்ச ஆக்கள் எண்டு பேர் போடுவினம். உங்கடை பேர்தான் முதல்."

"எனக்கென்னத்துக்கு" என்றார். ஆனால் அக்கா அன்றே சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்தா.

அதன்பிறகு சில கிழமைதான். ஒரு காலை அத்தானின் படகிலிருந்து என் கடைக்குப் படம் வந்துகொண்டிருந்தது. ஒரே கடல், ஒரே சாய்வு, படகின் விளிம்பு ஒரே இடத்தில். அடுத்த படமும் அதே. அதற்கடுத்ததும் அதே. கருவி இறுகிவிட்டது என்று நினைத்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கடையிலிருந்தபடியே அதை நிற்பாட்டித் திரும்ப இயக்கினேன். திரும்பவும் அதே கடல்.

கருவி இறுகவில்லை. படகு சும்மா கிடந்தது. அத்தான் கம்பத்துக்குக் கீழே, கமரா பார்க்காத இடத்தில் கிடந்தார்.

மாரடைப்பு. பக்கத்துப் படகுக்காரர்தான் கொண்டுவந்தார்கள். அந்த நிமிடமே ஆள் போயிருப்பார், யாராலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று வைத்தியர் சொன்னார். அதை நம்பித்தான் நாள் போகிறது.

அந்தியேட்டி அன்று, முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னேன். பெரியப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆட்டைத் திவசம் முடியட்டும், தம்பி. வருசம் திரும்பாமல் இந்த வீட்டிலை புதுக் காரியம் ஒண்டும் தொடங்கப்படாது. அதுவும் அவன்ரை பேரிலை. உது எங்கை ஓடப்போகுது?"

அக்காவும், "ஓம், அவரின்ரை காரியம். முறையாச் செய்வம்" என்றா. அந்த வருசம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, கோயில் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஆட்டை முடிந்து, நாள் பார்த்து, படிவத்தின் மூலையில் மஞ்சள் தடவி, அத்தான் பெயரை முதலாவதாகவும் என் பெயரை இரண்டாவதாகவும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன்.

விளக்கம் கேட்பதற்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வர நெடுநாள் பிடித்தது. அக்காவும் வெளிக்கிட்டா. சட்டகம் போட்ட அத்தானின் படம் ஒரு பையில். (சான்றிதழும் அதே அளவில் இருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம்.) இன்னொரு பையில் அலுவலகத்தாருக்கு என்று பருத்தித்துறை வடை.

பரிசோதிக்கும் அலுவலர் ஒரு இளம்பெண். மலைநாட்டுத் தமிழ். கடுமையான முகமில்லை, அதனால்தான் நான் ஏமாந்தேன். வடையைப் பார்த்ததும், "மன்னிக்கணும், அம்மா, நாங்க எதுவும் வாங்கக் கூடாது" என்று மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

முதலில் வெளிநாட்டுக் காப்புரிமைப் பத்திரங்களைக் காட்டினார். கமராவும் கம்பியில்லாத் தொடர்பும் உள்ள கையடக்கக் கருவிகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன, உங்களுடையதில் என்ன புதிது என்று கேட்டார். நான் விளக்கினேன். அவைகளெல்லாம் கைபேசிக் கோபுரத்தை நம்பி நிற்பவை, எங்களுடையது படகுக்குப் படகு தாவுவது என்றேன். அவர் தலையாட்டினார், குறித்துக்கொண்டார். "ஆமா, இதுல அது இல்லை" என்றும் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பைக்குள் கையை விட்டு அத்தானின் படத்தை ஒருமுறை தடவினா.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லி அலுவலர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

மேளச்சத்தம் கேட்டது. திரையில் தாம்பாளம் வந்தது. பெட்டி வந்தது. மாலை போட்டு நான் வந்தேன்.

"இது நீங்கதானே?"

இல்லையென்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பின்னால் பனரில் என் முகம் என்னைவிடப் பெரிதாக இருந்தது.

"ஓம், மிஸ்."

"இந்த இடத்துல பெட்டியைத் திறக்கிறீங்க."

"ஓம்."

"வயர் போற வழியைக் காட்டுறீங்க. அளவும் சொல்றீங்க."

"ஓம்."

"இதைப் பார்த்து எந்தப் பெடியனும் வீட்டில் இருந்தே செய்யலாம்னு நீங்களே சொல்றீங்க."

திரையில் நான் கையை உயர்த்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கைதட்டலும் கேட்டது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த அதிகபட்சக் கைதட்டல் அது. அந்த அறையில் அது கல் விழுகிற மாதிரி விழுந்தது.

ஊருக்கு முன்னால் வெளிப்படுத்திவிட்ட ஒன்று சட்டத்தின் கண்ணில் புதியது இல்லை என்று அவர் விளங்கப்படுத்தினார். கண்டுபிடித்தவரே தன் வாயால் வெளிப்படுத்தியிருந்தால் மட்டும் ஒரு சலுகை உண்டாம். வெளிப்படுத்திய நாளிலிருந்து ஒரு வருசத்துக்குள் விண்ணப்பித்தால் மன்னிப்பு.

"உங்க விண்ணப்பம் ஒரு வருசம் தாண்டிக் கொஞ்ச நாள்ல வந்திருக்கு. ஏன் அவ்வளவு காலம் பொறுத்தீங்க?"

"வீட்டிலை செத்தவீடு, மிஸ். ஆட்டை முடியுமட்டும் தொடங்கப்படாதெண்டு..."

அவர் பேனாவை வைத்துவிட்டார். சட்டம் எங்களுக்கு ஒரு வருசம் தந்திருந்தது. சம்பிரதாயம் அதே வருசத்தை எடுத்திருந்தது. சம்பிரதாயத்தை மட்டும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தேன்.

"அந்த வருசத்தைக் கழிக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"சட்டத்துல அதுக்கு இடமில்லீங்க, ஐயா."

திரையில் நான் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நன்றி சொல்லும் கட்டத்துக்கு இரண்டாம் முறையாக வந்திருந்தேன். தலைவருக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, சோடா வாங்கித் தந்தவருக்கும் நன்றி. அலுவலர் விண்ணப்பத்தைப் புரட்டி, "முதலாவது கண்டுபிடிப்பாளர்னு தவராசானு ஒருத்தர் பேர் போட்டிருக்கீங்க. அவரைப் பத்தி இந்த வீடியோல எங்கயும் சொல்லலையே?" என்றார்.

அத்தான் பெயரை அந்த மேடையில் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அக்காவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது திரையில், சனத்துக்குள்ளிருந்து, எங்கோ பின்வரிசையிலிருந்து, ஒரு குரல் வந்தது. சத்தம் போட்டுப் பழகாத குரல், போதும் என்று சொல்ல அன்றைக்குச் சத்தம் போட்டிருந்தது.

"காணும் மச்சான், இறங்கு. எல்லாத்தையும் சொல்லிப்போட்டாய்."

சனம் சிரித்தது. திரையில் நானும் சிரித்துவிட்டுத் தொடர்ந்து கதைத்தேன்.

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டா. அத்தானின் போன் அவர் விழுந்த அன்று அவரோடு படகின் உப்புத்தண்ணீரில் கிடந்து செத்துப்போனது. படங்கள் இருந்தன. குரல் எங்களிடம் ஒன்றும் இல்லை. வாய் திறக்காத மனிசனின் குரலை யார் பதிந்து வைப்பார்கள்?

"பிள்ளை," என்றா அக்கா, "உதை இன்னொருக்காப் போடுவீங்களோ?"

அலுவலர் என்னைப் பார்த்தார். என்னால் கதைக்க முடியவில்லை. (மேலே மைக் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. இதுவும் உண்மை.) அக்கா பையிலிருந்து அத்தானின் படத்தை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தா. அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், விண்ணப்பத்திலிருந்த பெயரைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். திரையைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பப் போட்டார்.

காணும் மச்சான், இறங்கு.

திரும்பவும் போட்டார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து திரும்பவும் போட்டார். கடைசியில் அந்த வீடியோ இருக்கும் இடத்தை அக்காவின் போனில் எடுத்துக் கொடுத்துவிட்டு, வடைப் பையைத் தன் பக்கம் இழுத்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணைத் துடைக்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது போல. "உறைப்பா இருக்கு, அம்மா" என்றார்.

நிராகரிப்புக் கடிதம் முறைப்படி வீட்டுக்கு வந்தது. பெரியப்பா அதை வாசித்துவிட்டு, அந்த அலுவலகத்தில் செத்தவீடு நடந்தால் அப்போது தெரியும் என்றார். சான்றிதழுக்கென்று அடித்த ஆணியில் இப்போது நாட்காட்டி தொங்குகிறது. பொன்னாடையை நான் கடையில் போன் திரை துடைக்க வைத்திருக்கிறேன். நன்றாகத் துடைக்கும்.

பெட்டியை மட்டும் எங்கள் கரையில் இப்போது கனபேர் கட்டியிருக்கிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்துத் தாங்களே செய்ததாம். நான் நன்றாக விளக்கியிருந்தேன் என்று சொன்னார்கள்.

வீட்டில் இது பகிடியாகி வெகுகாலம். யாராவது கலியாணத்தில் நான் மைக் பக்கம் நகர்ந்தால் மருமக்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து "காணும் மச்சான்" என்று தொடங்குவார்கள். போன கிழமை சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையையே நான் விருந்தாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், பெட்டியின் வயர் போகும் வழி வரைக்கும் வந்துவிட்டேன். அக்கா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்து, அத்தானின் அதே குரலில், அதே இழுவையில் சொன்னா. அக்கா என்னை மச்சான் என்று கூப்பிடுவது அந்த ஒரு வசனத்தில் மட்டும்தான்.

இதை அவ வாசிப்பா. வாசித்து இந்த இடத்துக்கு வரும்போது என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியும்.

இறங்குகிறேன், அத்தான்.